இருநூற்றுப் பதினான்கில் ஒன்று

பிரிஸ்பேன்
16 மார்ச் 1997

அன்பு அக்காவுக்கு,

தம்பி வசந்தன். நான் நன்றாக இருக்கிறேன், சோறும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு. முட்டி வலிக்கு அனுப்பிய தைலம் வந்ததா? அப்பா மழையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜாசின் பள்ளிக்குக் காவல் வேலைக்குப் போக வேண்டாம். பஸ்ஸில் போகட்டும்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். கையுறை ஃபேக்டரி கம்ப்யூட்டர் ரூமில் நீதானே தினமும் பேக்கப் எடுக்கிறாய்? அதில் பாஸ்வர்ட் ஃபைல் என்று ஒன்று இருக்கும். எல்லாருடைய பாஸ்வர்டும் அதில்தான் இருக்கிறது, ஆனால் கலைத்துப் போட்ட எழுத்தாக. யாராலும் திருப்பிப் படிக்க முடியாது. ஒரு சொல்லை எடுத்து அதே மாதிரி கலைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கலாம். அப்படி லட்சக்கணக்கான சொற்களை ஓட்டிப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. வெள்ளைக்காரர்கள் இதை ஆங்கிலச் சொற்களை வைத்தே செய்துவிட்டார்கள். மலாயிலும் தமிழிலும் பாஸ்வர்ட் வைக்கிறவர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை.

டிசம்பரில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சிப் பட்டறை ஒன்று நடக்கப்போகிறது. எங்கே தெரியுமா? நம் தஞ்சோங் கிளிங்கில், கடலோர ஹோட்டல் ஒன்றில். என் பேராசிரியை மார்கரெட் அதன் குழுவில் இருக்கிறார். கட்டுரையை ஏற்றுக்கொண்டால் டிக்கெட் போட்டு என்னை அனுப்புவார்கள். அப்போது நான் வீட்டைப் பார்த்து ஒன்றரை வருடமாகியிருக்கும் அக்கா.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஃபைலை டிஸ்கட்டில் நகல் எடுத்து அனுப்பு. யார் பெயரும் வெளியே வராது. ஆபீசில் யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால் ஜாக்கிரதையாகிவிடுவார்கள், ஆராய்ச்சி கெட்டுவிடும்.

உன் தம்பி,
வசந்தன்

பெம்பான்
6 ஏப்ரல் 1997

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். தைலம் வந்தது. அம்மா அதைத் தடவாமல் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை, வசந்தா. தனபாலன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றியது. கம்ப்யூட்டர் பகுதிக்கே அவர்தான் தலைவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர். எஸ்டேட்டை விற்று எல்லாரையும் வெளியே அனுப்பியபோது இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டைக் காட்டிவிட்டதும் அவர்தான் என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் நீ வேண்டாம் என்கிறாய். சரி.

டிஸ்கட்டை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். மொத்தம் 214 பேர். பெயர் கிடையாது, நம்பர்தான். எனக்கு நம்பர் 088. என்னுடையதைக் கண்டுபிடித்தால் சிரிக்காதே.

இன்னொரு செய்தி. தஞ்சோங் கிளிங்கிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. வீரமுத்து என்று பெயர், ஹோட்டலில் ஏசி மெக்கானிக். போட்டோவில் ஒரு பக்கமாகப் பார்க்கிறார். முழு முகம் எப்படியோ. அடுத்த மாதக் கடைசியில் பெண் பார்க்க வருகிறார்களாம்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு.

அக்கா,
பவானேஸ்வரி

பிரிஸ்பேன்
11 மே 1997

அன்பு அக்காவுக்கு,

மாப்பிள்ளையின் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிட்டு எழுது. அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அக்கா, உன் டிஸ்கட் தங்கம்! 214-இல் 131 விழுந்துவிட்டது. அன்பே என்று ‘சாயாங்’ மட்டும் பதினோரு பேர். முருகன் பெயரோடு 1 என்ற நம்பரைச் சேர்த்தவர்கள் ஒன்பது பேர். கார் நம்பர், பிள்ளை பெயர், ஃபுட்பால் டீம் பெயர். எட்டு எழுத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை, அதனால் எல்லாவற்றையும் எட்டுக்குள் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மார்கரெட் அம்மா நம்பவே இல்லை.

088 உன்னுடையது என்றாய், அது விழவில்லை. கெட்டிக்காரி. ஆனால் 017-இல் உன் பெயர் இருந்தது. ரோமன் எழுத்தில் ‘பவானிகு’, சரியாக எட்டு. பவானிக்கு என்று யாரோ எழுதி வைத்த மாதிரி. இரண்டாவது அக்கவுண்டும் உன்னுடையதா? என்றால் அதை மாற்றிவிடு.

அடுத்த டிஸ்கட்டை எதிர்பார்க்கிறேன்.

வசந்தன்

பெம்பான்
8 ஜூன் 1997

தம்பிக்கு,

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். காதுக்குத் தொப்பி வாங்கிக்கொள்.

மே 30, வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டேன். முழு முகமும் நன்றாகத்தான் இருக்கிறது. அதிகம் பேசவில்லை. போகும்போது நம் வீட்டு ஃபேனைப் பார்த்துவிட்டு, “சத்தம் வருதே, கெப்பாசிட்டர் போயிருக்கும்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டிலும் சொல்லிவிட்டார்கள்.

இப்போது ஃபேக்டரி வேனில் வருவதில்லை. பஸ்ஸில் வருகிறேன். நேரமாகிறது, பரவாயில்லை.

டிஸ்கட் உள்ளே இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

பிரிஸ்பேன்
13 ஜூலை 1997

அன்பு அக்காவுக்கு,

தொப்பி வாங்கிவிட்டேன். தை மாதக் கல்யாணத்துக்கு நான் இருப்பேன். மாப்பிள்ளையிடம் என் ரூம் ஃபேனையும் பார்க்கச் சொல்.

ஒரு சின்னச் சிக்கல். கம்பெனி அனுமதி கொடுத்ததற்குக் கடிதம் வேண்டும் என்கிறார் மார்கரெட் அம்மா. முதலிலேயே இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். தப்புத்தான். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும், செப்டம்பரில் கட்டுரை கொடுக்கக் கடைசி நாளுக்குள். இல்லாவிட்டால் கட்டுரை அனுப்ப முடியாது, ஸ்காலர்ஷிப்புக்கும் கேள்வி வரும். தனபாலன் அண்ணனிடம் கேட்டுப் பார்க்கிறாயா? நம் வீட்டு மனிதர் மாதிரிதானே. மறுக்க மாட்டார்.

அப்புறம் அந்த 017 யார், அக்கா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மாவை மருந்து தடவச் சொல்.

வசந்தன்

பெம்பான்
24 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரே புகைமூட்டம். சுமத்ராவில் காடு எரிகிறதாம். கொடியில் போட்ட துணியெல்லாம் புகை வாடை. அப்பா இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார்.

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். தனபாலன் அண்ணன் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கிறார். ஒன்றும் கேட்காமல் கொடுத்தார் என்று எழுதத்தான் ஆசை. கொஞ்சம் கேட்டார்தான். அது கிடக்கட்டும். புது டிஸ்கட்டும் இருக்கிறது. இதை மறக்காமல் அனுப்பச் சொன்னார்.

கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. வீரமுத்து வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. “எங்களுக்கு வேண்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அவருடைய மாமா தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது சாப்பிடுகிறார்.

புகையில் பஸ் சரியாக வருவதில்லை. தனபாலன் அண்ணன் காரில்தான் போய் வருகிறேன்.

017 பெரிய ஆபீசில் யாரோ. நீ படிக்கிற வேலையைப் பார்.

அக்கா

பிரிஸ்பேன்
26 அக்டோபர் 1997

அன்பு அக்காவுக்கு,

தீபாவளி வாழ்த்தோடு தொடங்க வேண்டிய கடிதம். முடியவில்லை, மன்னித்துவிடு.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ரிங்கிட் மதிப்பு விழுந்த வீழ்ச்சியில் டிக்கெட்டுக்குப் பணம் இல்லை என்று ஸ்காலர்ஷிப் ஆபீஸ் கைவிரித்துவிட்டது. மார்கரெட் அம்மா மட்டும் வந்து வாசிப்பார்.

இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்றில்லை. நீ ஜூனில் அனுப்பிய டிஸ்கட்டில் 017-இன் பாஸ்வர்ட் மாறியிருந்தது. ‘ஜாங்கான் காவின்’. அதை எட்டு எழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். கல்யாணம் செய்யாதே. என்றைக்கு மாற்றப்பட்டது என்ற தேதியும் ஃபைலிலேயே இருக்கிறது. மே 30. அதற்கப்புறம்தான் முதல் சொல்லும் எனக்குப் புரிந்தது. அது தமிழ் ‘பவானிக்கு’ இல்லை, மலாய். என் பவானி.

ஆகஸ்ட் டிஸ்கட்டில் மறுபடியும் மாறியிருந்தது. ‘அடிக் டியாம்’. தம்பி, பேசாதிரு.

அக்கா, அது எனக்கு எழுதியது. நான் திறந்து பார்ப்பேன் என்று தெரிந்தே ஒருவர் அந்த வார்த்தையை அங்கே வைத்திருக்கிறார். அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நான்தான் உன்னை அவரிடம் அனுப்பினேன்.

நீ சொல், கட்டுரையை இன்றைக்கே திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

வசந்தன்

பெம்பான்
9 நவம்பர் 1997

வசந்தா,

அப்பா இருமல் நின்றுவிட்டது. தீபாவளிக்கு அம்மா முறுக்கு மட்டும் சுட்டார். உனக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார், அனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் தேதிகளைத்தான் கணக்குப் போட்டேன். ஜூன் டிஸ்கட் உனக்கு ஜூலையில் கிடைத்திருக்கும். நீ ஜூலையிலேயே பார்த்திருக்கிறாய். “சும்மா தெரிந்துகொள்ளத்தான்” என்று எழுதினாய். ஆகஸ்ட் டிஸ்கட்டைச் செப்டம்பரில் பார்த்திருப்பாய். கட்டுரை கொடுக்கக் கடைசி நாளும் செப்டம்பர்தான். எனக்கு அக்டோபர் கடைசியில் எழுதுகிறாய்.

நானும் சொல்லவில்லைதான். 017 யார் என்று உன் மே மாதக் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். அன்றிலிருந்துதான் வேனை விட்டேன். அந்த வேனில் முன் ஸீட்டில் அவர்தான் உட்காருவார்.

அனுமதிக் கடிதம் கேட்கப் போனபோது தனபாலன் ஆச்சரியப்படவே இல்லை. ஏப்ரலில் நான் நகல் எடுத்த நாளும் நேரமும் அவரிடம் ஒரு தாளில் இருந்தது. “உன் தம்பி படிப்பு என் கையிலே இருக்கு பவானி. நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலையே. தினமும் என் கூடக் கார்ல வா, அவ்வளவுதான்” என்றார்.

என்னைத் தொட்டதில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ தூங்க மாட்டாய். காரில் பேசுவார். நான் திங்கட்கிழமை என்ன உடுத்தினேன், செவ்வாய்க்கிழமை யாரோடு சாப்பிட்டேன் என்று வரிசையாகச் சொல்வார். சில நாள் பெம்பானுக்குத் திரும்பாமல் கடலோரச் சாலைக்கு ஓட்டிக்கொண்டு போவார். தஞ்சோங் கிளிங்கில் வீரமுத்துவின் ஹோட்டலுக்கு எதிரே நிறுத்துவார், உன் பட்டறை நடக்கப்போகிற அதே ஹோட்டல். “இங்கதானே அவன் வேலை செய்றான்? கரண்டு வேலை. எப்ப என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்” என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

யாரிடம் சொல்வது? கோயில் கமிட்டித் தலைவர் அவர். அப்பா அவர் பேச்சைத்தான் நம்புவார். ஃபைலைத் திருடியவள் நான்.

கட்டுரையைத் திருப்பி வாங்காதே. வாங்கினால் ஏன் என்று என்னிடம்தான் கேட்பார். அந்த ஒரு அக்கவுண்டை மட்டும் எடுத்துவிடு. அந்த மூன்று வார்த்தைகளும் தேதிகளும் இருக்கிற தாளை உன் பேராசிரியையிடம் உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடு. வேறு எதுவும் செய்யாதே. இந்தத் தடவையாவது நான் சொல்கிறபடி செய்.

அக்கா

பெம்பான்
14 டிசம்பர் 1997

தம்பி வசந்தனுக்கு,

முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

புதன்கிழமை பட்டறைக்கு ஃபேக்டரியிலிருந்து இரண்டு பேருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். ஒன்று அவருக்கு, இன்னொன்றில் என் பெயரைப் போட்டிருந்தார். காரில் போகும்போதே கட்டுரைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டார். “ஒண்ணு குறையுதே” என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் நூறு பேர் இருக்கும். சிங்கப்பூர், கோலாலம்பூர் புரொஃபஸர்கள், பேங்க்காரர்கள். மார்கரெட் அம்மா உன் கட்டுரையை வாசித்தார். ‘சாயாங்’ வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். உன் பெயரைச் சொல்லி, இந்த இளைஞரால் வர முடியவில்லை என்று வருத்தப்பட்டார். கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

கேள்வி நேரத்தில் தனபாலன் எழுந்தார். சுத்தமான இங்கிலீஷ், மரியாதையான குரல். தான் அனுமதி கொடுத்தது 214 அக்கவுண்டுக்கு, கட்டுரையில் 213 இருக்கிறது, ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டார். மார்கரெட் அம்மா தடுமாறினார். ஒருவருடைய அந்தரங்கம் கருதி மாணவர் அதை நீக்கியிருக்கிறார் என்றார். கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். ஏன் எழுந்தார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. உனக்கு வைத்த வார்த்தை உன் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இருக்க முடியவில்லையோ என்னமோ.

நான் எழுந்துவிட்டேன், வசந்தா. யோசித்து எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

“அந்த ஒண்ணு உங்களோடது, அண்ணே. மூணு வார்த்தை. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

தமிழ் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மூன்றையும் தேதியோடு சொன்னேன். அவை மலாய் வார்த்தைகள், அதனால் ஹாலில் பாதிப் பேருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பவானி என் பெயர் என்றும் மலாயிலேயே சொன்னேன். அனுமதிக்கு முன்னாலேயே ஏப்ரலில் ஃபைலை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்சமும் பதறவில்லை. “பேக்கப் எடுக்கிறதே இந்தப் பெண்தான். எந்த அக்கவுண்ட்லயும் எந்த வார்த்தையையும் இவளால போட முடியும். கொஞ்ச நாளா மனசு சரியில்ல” என்று மெதுவாக எல்லாரையும் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு மைக்கை மேசையில் வைத்தேன்.

பின்னால் ஏசி பக்கத்தில் ஸ்பேனரோடு வீரமுத்து நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார். நான் பார்த்ததும் குனிந்து பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மார்கரெட் அம்மா அங்கிருந்து நேராக ஃபேக்டரிக்குப் போய், நீ கொடுத்த உறையை மேனேஜரிடம் கொடுத்துவிட்டார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவிடம் வேலை போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

உன் படிப்புக்கும் இதில் அடி விழும். தெரிந்துதான் பேசினேன்.

அக்கா

பிரிஸ்பேன்
4 ஜனவரி 1998

அக்கா,

முறுக்கு வந்தது. இன்னும் திறக்கவில்லை.

மார்கரெட் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அனுமதி இருக்கிறது என்று முதலில் பொய் சொன்னதையும் சொன்னேன். கட்டுரையைப் புத்தகத்திலிருந்து நீக்குகிறார்கள். ஒரு வருடம் வேறு தலைப்பில் முதலிலிருந்து செய்ய வேண்டும், அதுவும் ஸ்காலர்ஷிப் இல்லாமல். ஒரு கடையில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. என்னைப் பற்றி யோசிக்காதே.

ஜூலையில் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவே இல்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன், உறுதியாகத் தெரியாமல் உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்ததாக. அது பொய். கட்டுரை போய்விடுமே என்று பயந்தேன்.

அவர் இப்போது எங்கே? உனக்குத் தொல்லை கொடுக்கிறாரா? இரண்டு வரியாவது எழுது.

வசந்தன்

பெம்பான்
8 பிப்ரவரி 1998

தம்பிக்கு,

சோப்புத் தண்ணீரில் கை வெடித்துப்போகும், தேங்காய் எண்ணெய் தடவு. முறுக்கைத் தின்றுவிடு, நமுத்துப் போகும்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. மே 30 தேதிதான் என்னைக் காப்பாற்றியது. அன்றைக்கு நான் லீவு, ஃபேக்டரி வாசலைக்கூட மிதிக்கவில்லை என்பது அவர்கள் புத்தகத்திலேயே இருந்தது. தனபாலனை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். போலீசுக்குப் போகவில்லை, கம்பெனி பெயர் கெடுமாம். ஃபைலை வெளியே கொடுத்ததற்காக என்னையும் நீக்கிவிட்டார்கள். அது நியாயம்தான்.

அவர் ஜொகூர் போய்விட்டார் என்கிறார்கள். கோயிலில் பார்த்ததாகவும் சொல்கிறார்கள். போன வாரம் நான் வேலை தேடி உம்பாய்க்குப் போயிருந்தேன், அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் அவர் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கு வந்து அப்பாவோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். “வசந்தன் நல்லாப் படிக்கிறானா? ஒரு வாழ்த்துக் கார்டு போடணும்” என்று உன் விலாசம் கேட்டாராம். அப்பா உன் பழைய உறையையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழங்களைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினார். அன்றிலிருந்து அப்பா யாரோடும் பேசுவதில்லை. நீ வேறு ரூமுக்கு மாறிக்கொள். கார்டு வந்தால் பிரிக்காதே.

உம்பாயில் மீன் மொத்த வியாபாரம் செய்கிற அப்துல் லத்தீப் பாய் கடையில் வேலை கிடைத்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருக்கிறார், அதைத் திறக்கவே அங்கே ஆளில்லை. முதல் நாள் அது என்னிடம் பாஸ்வர்ட் கேட்டது. வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா பெயர், சாமி பெயர், நாம் பிறந்த எஸ்டேட்டின் பெயர், மனதில் வந்த ஒவ்வொரு சொல்லும் யாருக்காவது தெரிந்த சொல்லாகவே இருந்தது. “என்னம்மா, ரிப்பேரா?” என்று பாய் வந்து எட்டிப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் நகரும்வரை காத்திருந்து ஒன்றைப் போட்டேன்.

அது என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீயும் தேடிப் பார்க்காதே.

அக்கா,
பவானேஸ்வரி